நாடாப்பூவின் எலும்பு

"பெரியம்மா... பூவுக்கு எலும்பு கீதா?"

அம்மு இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்குப் பால்பற்கள்கூட விழ ஆரம்பிக்கவில்லை. சிலுவையம்மாளின் மடியில் கிடந்த வெள்ளைப் பட்டு நாடாப்பூவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கிய இதழ், விரலை எடுத்ததும் விறைப்பாக நிமிர்ந்துகொண்டது. குழந்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"கீது கண்ணு. எலும்பு இல்லாம யாரால நிமிந்து நிக்க முடியும்?"

"அப்போ ஏன் கண்ணுக்குத் தெரியல?"

"உன் எலும்பு வெளியவா தெரியுது? உள்ள இருந்தாத்தான் அதுக்கு மரியாதி. வெளிய தெரிஞ்சா அது பூ இல்லடி, மீன் முள்ளு!"

அம்மு சிரித்த சிரிப்பில் நூற்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ராயபுரத்துக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும், குழந்தை சேசுவைக் காண மூன்று ராஜாக்கள் வந்த ராஜாக்கள் திருநாளன்று பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். சம்மனசு என்னும் தேவதூதர் வேஷம் போடும் சிறுமிகளின் கவுன்களில் தோளிலும் இடுப்பிலும் பெரிய பெரிய நாடாப்பூக்கள் இருக்கும். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அதை ஏதோ ஒரு பெயரால் அழைத்தார்கள். தெருவில் எல்லோருக்கும் அது நாடாப்பூதான். பட்டு நாடாவை மடித்து இரண்டு பக்கமும் இதழ் விட்டு, நடுவில் ஒரு பட்டை சுற்றி, வால் இரண்டைத் தொங்கவிட வேண்டும். இதழ்களுக்குள் பக்ரம் என்ற விறைப்புத் துணியை வெட்டி மறைத்துத் தைத்தால்தான் பூ நிற்கும். அந்த வேலையில் சிலுவையம்மாளின் கைக்கு ஒரு பேர் இருந்தது.

பேர் இருந்தது; பிள்ளை இல்லை. ஒரு மகன் பிறந்தான். சூசை என்று பேர் வைத்தார்கள். ஒரே ஒரு குருத்தோலைத் திருநாளைப் பார்த்துவிட்டு, அந்த வருஷத்து மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். பால் கட்டிய மார்போடு அவள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த அதே நாட்களில்தான், கொழுந்தன் அருளப்பனின் மனைவி ஞானபாக்கியம் அம்முவைப் பெற்றாள். பெற்றதும் ஜன்னி கண்டு படுத்தவளை, பிழைத்தால் போதும் என்று திசையன்விளைப் பக்கத்திலிருந்த தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பச்சைக் குழந்தை ரயில் பயணம் தாங்காது என்று ராயபுரத்திலேயே தங்கியது.

தேறி எழுந்து ஞானபாக்கியம் திரும்பி வந்தபோது, குழந்தை தாயைப் பார்த்து வீரிட்டு அழுதது! பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்று அந்தத் தாயின் நெஞ்சில் விழுந்த முள் அங்கேயே தங்கிவிட்டது. சிலுவையம்மாள் ஊட்டிய பாலை மட்டுமா குழந்தை குடித்திருந்தது? அவளுடைய பேச்சையும் சேர்த்தல்லவா குடித்திருந்தது!

அந்த வருஷம் அம்முவுக்கே பெரிய வேஷம் கிடைத்தது. நட்சத்திரத்தைக் கையில் ஏந்தி மூன்று ராஜாக்களையும் குடிலுக்கு அழைத்துப் போகும் சம்மனசு! சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடக்க வேண்டிய வேஷம். ஆகவே முதுகில் வைக்கும் நாடாப்பூதான் இறக்கை. அது பெரியதாக, நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று மடத்துத் தலைவியான மதர் சொல்லியனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை அடுப்பு வேலை முடிந்ததும் சிலுவையம்மாள் தையல் பெட்டியை எடுத்து வைத்தாள். நாடாவை விரித்து இன்னும் அளக்கக்கூட இல்லை.

"அதை உள்ள வையுங்க, அக்கா."

கையில் ஈரத் துணியோடு ஞானபாக்கியம் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"இன்னா பாக்கியம்?"

"எம் மவளுக்குப் பூ நாந்தான் தைக்கப் போறேன்."

ரயில்வே கூட்ஸ் ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அருளப்பன் கண்ணாடி முன்னால் நின்றபடியே சிரித்தான். "நீயா? அண்ணி பூ தச்சா வண்டு வந்து குந்தும். நீ தச்சா மாட்டு வண்டிக்காரன் வந்து கோணியான்னு கேப்பான்!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஞானபாக்கியத்தின் கையிலிருந்த ஈரத் துணி தரையில் விழுந்தது.

"கேக்கட்டும்! கோணியா இருந்தாலும் பெத்தவ தச்ச கோணியா இருக்கட்டும்! தெருவுல போனா, 'சிலுவையக்கா பொண்ணா'ன்னு கேக்காவ. பள்ளிக்கூடத்துக்குப் போனா, 'ஒங்க அக்கா வரலியா'ன்னு கேக்காவ. பெத்தவ ஒருத்தி உசுரோட இருக்கேன்னு இந்த ஊர்ல யாருக்காவது நெனப்பு இருக்கா?..."

"பெரியம்மா தச்ச பூ சோக்கா கீதும்மா..." என்று அம்மு இடையில் புகுந்தாள்.

"'கீது' இல்ல, 'இருக்கு'! எத்தன மட்டம் சொல்லுதேன்? நீ வாயத் தொறந்தா ஒன் பெரியம்மாதான்ட்டி பேசுதா!"

சிலுவையம்மாளின் விரல்கள் நாடாவை இறுகப் பற்றின. பொறாமை ஒரு பக்கம் மட்டுமே இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 'பெத்துட்டா மட்டும் போதுமா? மார்ல போட்டு வளத்தது யாரு?' என்று அவளுக்குள்ளும் ஒரு குரல் சீறியது. அந்தக் குரலுக்கு அவள் வாயைக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். மெள்ள எழுந்து பெட்டியை ஓரகத்தியின் பக்கம் தள்ளினாள்.

"தையி பாக்கியம். உன் கை நல்ல கை. பக்ரம் அடியில கீது, எடுத்துக்கோ."

"ஒங்க பக்ரமும் வேண்டாம், ஒங்க நாடாவும் வேண்டாம்."

கருப்பட்டி வியாபாரியான அவளுடைய அப்பா சீதனத்தோடு கொடுத்தனுப்பியிருந்த ரோஜா நிறப் பட்டு நாடா ஒன்று அவள் பெட்டியில் இருந்தது. அதை எடுத்துத் தைத்தாள். தையல் அழகாகவே இருந்தது; சாய்வான நீண்ட தையல், முடிவில் இரட்டை முடிச்சு. ஆனால் பூவை விறைக்க வைக்க அவள் பக்ரம் வைக்கவில்லை. வடித்த கஞ்சியில் நாடாவைத் தோய்த்துக் காய வைத்தாள். அவள் பிறந்த செம்மண் தேரிக்காட்டில், கஞ்சி போட்ட துணி பலகை போல நிற்கும். அங்கே காற்றில் ஈரம் ஏது! ராயபுரத்து மார்கழிப் பனியை அவள் கணக்கில் எடுக்கவில்லை. இங்கே கடற்காற்று உப்பை நனைத்துவிடும், கஞ்சியை விடுமா?

"பாக்கியம்... கோச்சிக்காத. கஞ்சி இந்தக் காத்துக்குத் தாங்காது..."

"எம் பூ நிமுந்து நிக்கது ஒங்களுக்குப் பொறுக்கலியாக்கா?"

சிலுவையம்மாள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

திருநாளுக்கு முந்தின நாள் மாலை, வேஷம் போட்டு ஒத்திகை. அன்று பிற்பகல் ஞானபாக்கியம் அம்முவையும் கூட்டிக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போயிருந்தாள். ஆண்கள் இருவரும் வேலையில். வீட்டில் சிலுவையம்மாள் மட்டும் இருந்தாள். அறையைப் பெருக்க வந்தவள் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

ஆணியில் மாட்டியிருந்த நாடாப்பூவின் இதழ்கள் இரண்டும் மடங்கி, வாடிய வெற்றிலை போலத் தொங்கின.

அந்த நொடியில் அவள் மனத்தில் முதலில் எழுந்தது இரக்கம் அல்ல. சந்தோஷம்! 'படட்டும்... நான் சொன்னதைக் கேட்டாளா?' என்ற சந்தோஷம். அடுத்த நொடியே அவளுக்கு உடம்பு கூசியது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசுவே... நானா இப்படி நெனச்சேன்?"

ஒத்திகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பக்ரம் வைக்க வேண்டுமானால் பூவை முழுதும் பிரிக்க வேண்டும். ஞானபாக்கியத்துக்குத் தெரிந்துவிடும். ஓலையாக இருந்தால் நாலு தையலைப் பிரித்தாலே போதும், உள்ளே நழுவிப் போய்விடும். பச்சை ஓலையோ பட்டில் கறை வைக்கும். பக்கத்துக் கூரை ஓலைகளிலெல்லாம் புகைக்கரி. போன வருஷத்துக் குருத்தோலையைச் சின்னச் சிலுவையாக மடித்துத் தைத்தாகிவிட்டது. காய்ந்து, சுத்தமாக, மடிக்காமல் இருந்த நீள ஓலை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

அது மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது.

சூசை கையில் பிடித்திருந்த ஓலை. அந்தக் குருத்தோலைத் திருநாளில் பூசை முடியும்வரை அதை விடாமல் பிடித்துக்கொண்டு, நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். நுனி இன்னும் சுருங்கித்தான் இருந்தது. வருஷந்தோறும் விபூதித் திருநாளுக்கு எரித்துச் சாம்பலாக்கப் பழைய ஓலைகளைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் அவள் கொடுத்ததில்லை. மாலை ஜெபம் முடிந்ததும் அம்முவை மட்டும் ஒரு விரலால் அதைத் தொட விடுவாள். "இது உன் அண்ணன் பாப்பாவோட ஓலை" என்பாள். வேறு யாருக்கும் அதைப் பற்றிச் சொல்லியதில்லை.

மாதா படத்தின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு ஓலையை எடுத்து ஈரத் துணியில் சுற்றிப் பதமாக்கினாள். இதழின் வளைவுக்குத் தக்கபடி வளைய, நகத்தால் சின்னச் சின்னக் கோடுகளாகக் கீறினாள். இதழ்களுக்குள் செலுத்தினாள். ஞானபாக்கியத்தின் கையைப் போலவே சாய்வாகத் தைத்து, முடிவில் இரட்டை முடிச்சுப் போட்டாள். பூ நிமிர்ந்தது.

ஒத்திகையில் மதர் அம்முவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம்! சிலுவையம்மாள் தைத்ததா?"

"இல்லம்மா," என்றாள் ஞானபாக்கியம். "நான்... நான் தச்சது. பெத்தவ."

வேலை முடிந்து பள்ளிக்கூட வாசலில் வந்து நின்ற அருளப்பன், "அட! பாக்கியமா இது!" என்று வாயைப் பிளந்தான். ஞானபாக்கியம் சிரித்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று சாப்பாட்டில், கேட்காமலே சிலுவையம்மாளின் தட்டில் ஒரு துண்டு மீனை அதிகமாக வைத்தாள். சிலுவையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்தபடியே சாப்பிட்டாள்.

மறுநாள், திருநாள் காலை.

கவுனில் பூவைப் பொருத்த எடுத்த ஞானபாக்கியம், ஓர் இதழில் விழுந்திருந்த சுருக்கத்தை விரலால் நீவினாள். உள்ளே ஏதோ சரசரத்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி சரசரத்தது. ஊசியால் தையலைப் பிரித்தாள்...

"அய்யோ! மாதாவே!"

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு இருதயம்மாள் தலைமுடியைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். ஓலையைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினாள்.

"அடி ஆத்தீ, ஓலைடீ! கோடு கோடா கீச்சி வெச்சிகீது பாரு! எங்க நாத்தனார் மாமியாருக்கு இப்பிடித்தான் தலகாணியில வெச்சாங்கோ. அப்பால அந்தம்மா சோறே எறங்காம பூட்டா!"

"எங்க ஊர்லயும் பனையோலையிலதான் மந்திரம் எழுதி வைப்பாவ..." ஞானபாக்கியம் சிலுவையம்மாளின் பக்கம் திரும்பினாள். "எம்புள்ளைய எங்கிட்டருந்து பிரிக்கதுக்கு! அதனாலதான் எம் மவ என்னைப் பாத்தா ஓடுதா! இத்தன வருசமா எத்தனப் பூவுல வச்சியளோ!..."

"அம்மா, அது அண்ணன் பாப்..." என்று ஆரம்பித்த அம்முவின் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. "சும்மா கெட!" ஞானபாக்கியம் ஓலையைத் துண்டு துண்டாகக் கிழித்து அடுப்பங்கரைச் சாம்பல் கூடையில் வீசினாள்.

கிழிந்தது ஓலை மட்டுமா!

அருளப்பன் பாதிச் சவரத்தோடு வந்து நின்றான். "அண்ணி... இத்த நீங்களா வெச்சீங்க?"

"ஆமா அருளு. நான்தான் வெச்சேன்."

"எதுக்கு?"

அவள் ஞானபாக்கியத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: உன் பெண்சாதி தைத்த பூ விழுந்துவிட்டது. சொன்னால் தன் பழி நீங்கும். ஆனால் அருளப்பன் சிரிப்பானே! ஆயுசு முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பானே! நேற்று அந்த முகத்தில் மலர்ந்த ஒரே ஒரு சிரிப்பு, பிடுங்கிப் போட்டது போலாகிவிடுமே...

"கெட்டதுக்கு வெக்கல. சேசு மேல ஆணையா கெட்டதுக்கு வெக்கல. அதுக்கு மேல கேக்காத நைனா."

"நல்லதுக்கு வச்சா சொல்லதுக்கு என்ன?" என்று ஞானபாக்கியம் பாய்ந்தாள். "இனி எம்புள்ள மேல ஒங்க கை படக்கூடாது! இந்த வீட்டுத் தண்ணியும் எனக்கு வேண்டாம்!"

அருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "திருவொத்தியூர்ல எங்க ஆபீசர் வூடு ஒண்ணு காலியா கீது. திருநாள் கயிஞ்சதும் நாங்க பூடறோம், அண்ணி."

அம்முவும் போய்விடுவாள். இனி மாலை ஜெபத்துக்கு மடியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சிலுவையம்மாளின் கணவர் செல்வநாதன் வேலை முடிந்து வந்தபோது, வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. நடந்ததைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சிலுவை... இன்னாதான் நடந்துச்சு?"

"உங்களாண்ட சொன்னா, எனக்காக நீங்க அவங்களாண்ட சொல்லிடுவீங்க. வோணாங்க."

"சரி. சொல்லாத. நீ கெடுதல் பண்றவ இல்ல. அது எனக்குத் தெரியும். காப்பி குடிச்சியா?"

அந்த ஒரு கேள்வியில்தான் அவள் காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை உடைந்தது.

மாலையில் கோயில் மைதானம் நிறைந்திருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளைச் சுற்றிப் பனி புகை போலப் படர்ந்தது. மேடையின் ஓரத்தில், திருநாளுக்காகப் புதிதாக ஓலை வேய்ந்த குடில். சிலுவையம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். குழந்தையைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

ஞானபாக்கியம் பூவைத் திரும்பவும் கஞ்சியில் தோய்த்து இஸ்திரி போட்டிருந்தாள். அம்மு நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தபோது பூ நின்றது. பாதி மேடை நடப்பதற்குள் வலது இதழ் தொங்கியது. திரும்பி நடக்கும்போது இடது இதழும் விழுந்தது.

"டேய், சம்மனசு எறக்க ஒடஞ்சி பூட்ச்சிடா!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். சிரிப்பு அலை அலையாகப் பரவியது. மூன்று ராஜாக்களில் ஒருவனும் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மு உதட்டைப் பிதுக்கியபடி தட்டி மறைவுக்குள் ஓடிவிட்டாள். அவளுடைய அழுகைச் சத்தம் வெளியே கேட்டது.

'வேணும்!' என்று ஒரு குரல் சிலுவையம்மாளுக்குள் எழுந்தது உண்மை. அந்தக் குரல் சொல்லி முடிப்பதற்குள் அவள் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

தட்டி மறைவில் ஞானபாக்கியம் மண்டியிட்டுப் பூவை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணீர் பட்டுப் பட்டு அது மேலும் துவண்டது.

"எலும்ப ஏம்மா எடுத்துட்டே?" அம்மு விம்மி விம்மிக் கேட்டாள். "பூவுக்கு எலும்பு வோணும்மா... இல்லாட்டி நிக்காது. அது அண்ணன் பாப்பாவோட ஓலைம்மா... பெரியம்மா யாருக்கும் தர மாட்டாங்கோ... அத்தப் போயி கியிச்சிட்டியே..."

ஞானபாக்கியத்தின் கை அப்படியே நின்றது. "அண்ணன் பாப்பாவா?... யாரு... சூசையா?"

நிமிர்ந்து பார்த்தாள். தட்டியின் ஓரத்தில் சிலுவையம்மாள் நின்றிருந்தாள். குடிலின் கூரையிலிருந்து உருவிய ஓலை ஒன்று அவள் கையில் இருந்தது. பனியில் நனைந்து பதமாக இருந்தது. அவள் ஓர் அடிகூட உள்ளே எடுத்து வைக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"நான் புள்ளயத் தொடல, பாக்கியம். நீயே வெய்யி. நாலு தையல் பிரிச்சா போதும். சீக்கிரம்... அடுத்த காட்சி வந்துடும்."

ஞானபாக்கியம் ஓலையை வாங்கினாள். இதழின் அளவுக்குக் கிழித்தாள். உள்ளே செலுத்தப் பார்த்தாள். அது வளையாமல் துணியைக் குத்தியது.

"நகத்தால கீறிக்கோ. கீறினாத்தான் வளையும்."

ஞானபாக்கியம் கீறினாள். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. சின்னச் சின்னக் கோடுகள் ஓலையில் வரிசையாக விழுந்தன. காலையில் பார்த்த அதே கோடுகள்! மந்திரம் என்று நினைத்து அலறிய அதே எழுத்துகளை, இப்போது அவளுடைய நகமே எழுதிக்கொண்டிருந்தது...

அவள் ஓவென்று அழவில்லை. அழ நேரமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தைத்தாள். பூ நிமிர்ந்தது. "ஏட்டி, எங்கண்ணு... போ!" என்று மகளை மேடைக்கு அனுப்பினாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரோஜா நிற இறக்கை விறைத்து நிற்க, நட்சத்திரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அம்மு நடந்தாள். ராஜாக்கள் மூவரும் அவள் பின்னால் குடிலை நோக்கி நடந்தார்கள். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

தட்டி மறைவில் இரண்டு பெண்களும் தனியாக நின்றார்கள்.

"நேத்தே பூ விழுந்துட்டா, அக்கா?"

"உம்."

"காலையில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா... நான் இத்தன பேசுனேனே... வாயத் தொறந்து ஒரு வார்த்த..."

"நேத்து நீ சிரிச்சே, பாக்கியம். இந்த வூட்டுக்கு வந்து நீ அப்பிடி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அத்தத் திருப்பி எடுத்துக்க எனக்கு மனசு வரல."

ஞானபாக்கியம் அவள் காலில் விழப் போனாள். சிலுவையம்மாள் தோளைப் பிடித்துத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சம்மனசு இல்லடி. பூ வாடினதப் பாத்தப்ப எனக்கும் முதல்ல சந்தோசந்தான் வந்துச்சு..."

"அந்த ஓலைய... சூசையோட ஓலைய நான் கிழிச்சுட்டேனே, அக்கா!"

"ஓலைதானே... வுடு," என்றாள் சிலுவையம்மாள். ஆனால் அந்த 'வுடு' பாதியிலேயே உடைந்துபோனது.

அன்று வீடு திரும்பியதும் ஞானபாக்கியம் இரண்டு ஆண்களையும் உட்கார வைத்து, நின்றபடியே சொன்னாள்: "எம் பூ விழுந்துட்டு. நேத்து மதர் மெச்சுனதும் அக்கா கைய மெச்சுனதுதான். காலையில நான் சொன்னதெல்லாம் பாவம். திருவொத்தியூருக்கு யாரும் போக வேண்டாம்." சொல்லி முடித்துக் கணவனைப் பார்த்தாள், எங்கே சிரி பார்க்கலாம் என்பது போல. அருளப்பன் சிரிக்கவில்லை. "அண்ணி, மன்னிச்சிக்கோங்க," என்றான். செல்வநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோத்தப் போடுங்கம்மா, பசிக்குது," என்றார்.

விடிந்ததும் சிலுவையம்மாள் முதலில் சாம்பல் கூடையைத்தான் பார்த்தாள். கூடை காலியாக இருந்தது. யாரோ கொட்டிவிட்டிருந்தார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. இறைவன் கொடுத்த பிள்ளையையே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஓலைக்காக அழலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் மாலை ஜெபத்தின்போது மாதா படத்தின் பின்பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டாள். அம்முவும் அதன் பிறகு தொடக் கேட்கவில்லை.

தவக்காலம் வந்தது. குருத்தோலைத் திருநாளும் வந்தது. செல்வநாதனோடு முதற்பூசை கண்டு, புது ஓலையோடு சிலுவையம்மாள் வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்பங்கரையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"அம்மா, சட்டியில இன்னா கீது?"

"இட்லி கீது. கையக் களுவிட்டு வா."

சிலுவையம்மாள் திகைத்து நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீது! திசையன்விளைக்காரி வாயில் கீது!

சிரிப்பு அடங்காமலே புது ஓலையைச் செருக மாதா படத்தின் பின்னால் கையை விட்டாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தாள்.

ரோஜா நிறப் பட்டு நாடா ஒன்று. அதன் மேல், கிழிந்த ஓலைத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும்படி வரிசையாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. சாம்பல் போகத் துடைத்தும் ஒரு மூலையில் கரி ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சின்னத் துண்டு மட்டும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த இடம் ஓலையில்லாமல் நாடாவாகவே விடப்பட்டிருந்தது. நகக் கோடுகள் அப்படியே இருந்தன. ஓரத்தில் அந்தச் சுருங்கிய நுனி, பிள்ளை சப்பிய நுனி, பத்திரமாக இருந்தது. சாய்வான நீண்ட தையல். முடிவில் இரட்டை முடிச்சு.

எப்போது பொறுக்கினாள்? எப்போது தைத்தாள்? வீட்டில் யாருக்கும் தெரியாது.

சிலுவையம்மாள் அந்த நுனியை உதட்டில் வைத்துக்கொண்டாள். அடுப்பங்கரைக் கதவு வழியே ஞானபாக்கியத்தின் முதுகு தெரிந்தது. அவள் திரும்பவில்லை. இட்லித் தட்டிலேயே கவனமாக இருந்தாள்.

நாடாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். புது ஓலையை அதன் பக்கத்தில் செருகினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள்.

"நவுரு பாக்கியம். சட்னிய நான் அரைக்கிறேன்."